எந்த வள்ளியம்மை?

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து மருந்துக் கடை பில்களில் நோயாளி பெயர் 'வள்ளியம்மை' என்று மட்டும் இருக்கும். எந்த வள்ளியம்மை? அப்பத்தா பெயரைப் பேத்திக்கு வைக்கிற ஊர் இது. தலைச்சன் வழியில் தாத்தாவும் பேரனும் இனிஷியல் உள்பட ஒரே 'அழ. லெட்சுமணன்' ஆவதும் உண்டு.

செல்போன் எண்ணை வைத்துத் தேடும் பில்லிங் மென்பொருள் வந்து குழப்பம் கூடியிருக்கிறது. பெரிய வீட்டில் இருப்பது இருவர். கொடுத்திருப்பது சென்னையில் உள்ள மகனின் எண். ஆச்சியின் தைராய்டு மாத்திரையும், அவர் கணவருக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையும் ஒரே கணக்கில் ஏறிவிடும். 'போன மாதம் வாங்கினதையே கொடுங்க' என்று வேலையாள் வந்து நின்றால், யாருக்கு எது என்று திரையில் தெரியாது. எண் ஒன்றானாலும் ஆளுக்கொரு கணக்கு வேண்டும்: பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வீட்டு விலாசம், பிறந்த ஆண்டு. வயதை எழுதினால் அடுத்த வருடமே தப்பாகிவிடும்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளில் 'எச்1' பட்டியலில் உள்ளவற்றுக்கு 2014 மார்ச் முதல் தனிப் பதிவேடு கட்டாயம். மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு. 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் பார்ப்பதற்கான ஏடு அது, ஒவ்வாமைக்கு அதில் கட்டமே கிடையாது. 2015இன் மருந்தாளுநர் தொழில் விதிமுறைகளோ நோயாளியின் பதிவுகளை 5 ஆண்டு வைக்கவும், கேட்டால் 72 மணி நேரத்தில் தரவும் சொல்கின்றன. கேட்பார் இல்லை, வைப்பாரும் குறைவு. கடைப் பையனின் சொந்த போனுக்கு வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச் சீட்டுகளையாவது அன்றன்றே கடைக் கணினிக்கு மாற்றிவிட்டு, போனில் அழிக்கச் சொல்லலாம்.

நோயாளியின் பதிவில் 'பென்சிலின் ஆகாது' என்று சிவப்பு மையில் எழுதினால் மட்டும் போதாது. தடிப்பா, மூச்சுத் திணறலா, வெறும் வயிற்றுப்போக்கா, எந்த ஆண்டு? வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஒவ்வாமையே இல்லை. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட் என்றால் 'செவ்வாய் மட்டும்' என்று கிழமையே இருக்க வேண்டும். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் மாத்திரை அட்டைகளையும் கேட்டு வாங்கிப் பார்த்து, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரால் பதிய வேண்டும். அங்கே ஒரு பெயரில் ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின் 5 மி.கி., இங்கே வேறொரு பெயரில் அதே 5. இரண்டையும் காலையில் சேர்த்துப் போட்டால் தலை சுற்றும், கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதி, அதுவும் அதே கடைக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
காரைக்குடி.