ஈத்ரா போய் வந்த கதை

பிரேயஸ்,
நவம்பர் 14

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்த அன்று எங்கள் கப்பல் பழுது பார்க்க டிரை டாக்கில், அதாவது தண்ணீர் இல்லாத கப்பல் பட்டறையில், ஏறியிருந்தது. கிரீஸ் நாட்டுத் துறைமுகமான பிரேயஸ் பக்கத்தில் பெராமா என்ற இடம். அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள். எஞ்சின் அறையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுவிட்டு உதிரி பாகத்துக்காகக் காத்திருக்கிறோம். அந்தச் சாக்கில் இரண்டு நாள் லீவு கேட்டேன், கிடைத்தது.

"வங்கி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடலோரமாக எங்காவது உட்கார்ந்து நாவல் எழுதப்போகிறேன், நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். இதையே செய்து பார்த்தவர்கள் வாழ்ந்த தீவு இங்கிருந்து இரண்டு மணி நேரப் படகுப் பயணம்தான். போய்ப் பார்த்துவிட்டே பதில் எழுதலாம் என்று கிளம்பினேன்.

ஹைட்ரா. ஊர்க்காரர்கள் ஈத்ரா என்கிறார்கள். படகை விட்டு இறங்கியதும் முதலில் தெரிவது சத்தமில்லாமைதான். கார் கிடையாது, பைக் கிடையாது. குப்பை அள்ளும் வண்டி மாதிரி ஒன்றிரண்டைத் தவிர, சிமென்ட் மூட்டையிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை எல்லாம் கோவேறு கழுதை முதுகில்தான் ஏறிப் போகிறது. நாள் முழுக்க எஞ்சின் இரைச்சலில் கிடப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று உனக்குத் தெரியும். பெயரிலேயே தண்ணீர் இருக்கிற தீவில் தண்ணீருக்குத்தான் வெகுகாலம் பஞ்சம். வீட்டுக்கு அடியில் தொட்டி கட்டி மழைநீரைச் சேர்ப்பார்கள், மிச்சம் படகில் வந்து இறங்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் பிற்பாடுதான் வந்தது. கப்பலில் நாங்கள் எப்போதோ செய்துகொண்டிருக்கிற வேலை!

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது கனடாப் பாடகர் லெனார்ட் கோஹனின் வீட்டை. 1960இல் பாட்டி சொத்தாக வந்த பணத்தில் 1500 டாலர் கொடுத்து வாங்கிய வீடு. அவர் அப்போது பாடகர் இல்லை, கவிஞர். நாவலும் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் உனக்காக நான் தேடிப் போனது, அவருக்கு முன்பே அங்கே குடியேறி, வந்த புதிதில் அவருக்கு இடம் கொடுத்து, மேசையும் கட்டிலும் கொடுத்து உதவிய ஜோடியை. ஜார்ஜ் ஜான்ஸ்டன், சார்மியன் கிளிஃப்ட். இருவரும் ஆஸ்திரேலியர்கள், இருவரும் எழுத்தாளர்கள்.

ஜான்ஸ்டன் லண்டனில் ஒரு ஆஸ்திரேலியப் பத்திரிகை நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தலைமையாக இருந்தவர். நல்ல சம்பளம். 1954 கடைசியில் அதை உதறிவிட்டு, மனைவியையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காலிம்னோஸ் தீவுக்கு வந்தார். கடற்பஞ்சு எடுக்கிற ஊர் அது. ஈஸ்டர் முடிந்ததும் ஆண்கள் ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் மாதக்கணக்கில் போய்விடுவார்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் ஏறி, கை கால் விழுந்துவிடும். அப்படி நடக்க முடியாமல் போனவர்கள் அந்த ஊரில் ஏராளம். அந்த வாழ்க்கையை வைத்து இருவரும் சேர்ந்தே ஒரு நாவல் எழுதினார்கள். அடுத்த வருஷமே ஹைட்ராவுக்கு மாறி, ஒரு பழைய வீட்டை வாங்கி, கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் இருந்தார்கள். மூன்றாவது பிள்ளை அங்கேதான் பிறந்தது.

நீ நினைக்கிற மாதிரி, வேலையை விட்டதும் முதலாளி ஒழிந்தான் என்று ஆகவில்லை. முதலாளி தபாலில் வர ஆரம்பித்தான், அவ்வளவுதான். மதியப் படகில் செக் வருமா என்று துறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்களாம். கத்சிகாஸ் என்ற மளிகைக் கடையில் கடன் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கடையின் பின்பக்கத்து மேசைகள்தான் வெளிநாட்டுக்காரர்களின் திண்ணை. அரட்டை, ஒயின், சண்டை எல்லாம் அங்கேயே. கடனை அடைக்க ஜான்ஸ்டன் புனைபெயரில் ஐந்து துப்பறியும் நாவல்கள் எழுதித் தள்ளினார். புனைபெயர் ஷேன் மார்ட்டின். பெரிய பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டது. அரிசிக்கும் பருப்புக்கும் எழுதுகிற புத்தகத்தில் பிள்ளைகள் பெயரைப் போட்டாரே என்று எனக்குக் கொஞ்ச நேரம் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் காசநோய் வந்தது. குடி வேறு. அந்த நிலையில்தான் தன் சின்ன வயசு மெல்போர்னை, அண்ணனை, போரை எல்லாம் வைத்து உட்கார்ந்து எழுதிய நாவல் 1964இல் வெளியாகி, ஆஸ்திரேலியாவின் இலக்கியப் பரிசான மைல்ஸ் ஃபிராங்க்ளின் பரிசையும் அந்த ஆண்டே வாங்கியது. இன்றைக்கு அவரை நினைவு வைத்திருப்பதே அந்த ஒரு புத்தகத்துக்காகத்தான். யோசித்துப் பார், தீவில் உட்கார்ந்து அவர் எழுதிய நல்ல புத்தகத்தில் தீவு இல்லை! ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தது ஊரை எழுதத்தானோ என்னவோ. நீயும் உன் தெருவை எழுத எதற்குக் கடலோரம் தேடுகிறாய் என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் கேட்கமாட்டேன். அவரால் லண்டனில் இருந்து அதை எழுத முடிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

இதில் எனக்குத் தொண்டையில் நிற்பது சார்மியன் விஷயம். தீவு வாழ்க்கையைப் பற்றிய இரண்டு புத்தகங்கள் அவர் எழுதியவை. என்னைக் கேட்டால் கணவரைவிட நல்ல எழுத்து. தண்ணீர் ஏற்றுவது, அடுப்பு, மூன்று பிள்ளைகள், வருகிறவர் போகிறவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எழுதியது. அந்தப் பெரிய நாவலைக் கணவர் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, பேசிப் பேசிப் பழைய நினைவுகளைக் கிளறிக் கொடுத்ததும் அவர்தான். ஊர் திரும்பியதும் அதைத் தொலைக்காட்சித் தொடராக எழுதிக் கொடுத்ததும் அவரே. சிட்னியில் வாராவாரம் பத்திரிகைக் கட்டுரை வேறு. தன் சின்ன வயசைப் பற்றி ஆரம்பித்த நாவல் மட்டும் அப்படியே நின்றுபோனது. 1969 ஜூலையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 45 வயசு. அடுத்த ஜூலையில் ஜான்ஸ்டனும் போய்விட்டார். அந்த முடியாத நாவல் 2024இல்தான் புத்தகமாக வந்தது.

அவர்கள் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். மேலே ஏறுகிற படிக்கட்டுப் பாதையில், ஒரு கிணற்றடிக்குப் பக்கத்தில். யாரோ குடியிருக்கிறார்கள், அதனால் கதவைத் தட்டவில்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். ஒரு கழுதைக்காரர் இரண்டு கேஸ் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போனார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் பதினெட்டு வருஷமாக இறங்கப்போகிறேன் இறங்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே அடுத்த காண்டிராக்டில் கையெழுத்துப் போடுகிறவன்தானே. நான்கு பக்கக் கடிதத்தில் பிஎஃப் எவ்வளவு வரும், வாடகை எவ்வளவு, எந்த ஊர், எந்தக் கரை, எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவி என்ன சொன்னாள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஹாஸ்டல் நாளில் உன்னைவிட அவள் கவிதைதான் முதலில் அச்சில் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? இப்போதும் எழுதுகிறாளா?

பம்பு பாகம் வர இன்னும் ஒரு வாரம் ஆகும் போலிருக்கிறது. அதற்குள் பதில் போடு. முடிந்தால் அவளையே போடச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்