பளபளப்பு வேறு, மட்டம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி சூடானால், பிராசஸர் சிப்பின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கும் கூலரின் அடிப்பாகத்தை உப்புத்தாளால் கண்ணாடி போல ஆகும்வரை தேய்க்கலாம் என்று கணினிக் குறிப்புகள் பகுதியில் போட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு யாரும் விரலில் தாளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. நான் அப்படித்தான் ஒரு கூலரைக் கெடுத்தேன்.

கும்பகோணத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். போன வைகாசியில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்திருந்தபோது கணினி அடிக்கடி அணைந்தது. கூலரின் செம்பு அடியில் கடைசல் கோடுகள் இருந்தன. ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தேன். முகம் தெரிந்தது, சூடு மட்டும் இரண்டு டிகிரி கூடியிருந்தது.

நாச்சியார்கோயிலில் என் பெரியப்பா குத்துவிளக்குப் பட்டறையில் கடைசல் பிடித்தவர். காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்த்த பித்தளைத் தண்டும் பாதமும் ஆடாமல் உட்காரும்படி நாற்பது வருஷம் கடைந்த கை. கூலரை அவரிடம் காட்டினேன். இரும்பு ஸ்கேலைச் செம்பின் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. "ஓரத்தையெல்லாம் தின்னுட்டியேம்மா. பளபளப்பு வேற, மட்டம் வேற" என்றார்.

சிப்பின் மேல் மாட்டும்போது அந்த இடைவெளியில் நிற்பது காற்று. வெப்பம் கடத்துவதில் செம்பு ஏறக்குறைய 400 என்றால் காற்று வெறும் 0.026. சிப்புக்கும் செம்புக்கும் நடுவே தடவும் பேஸ்ட் காற்றைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் செம்புக்கு ஈடாகாது.

அப்புறம் அவர் சொன்னபடி செய்தேன். தடித்த கண்ணாடியின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துப் படியவைத்து, செம்பில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, அமுக்காமல் கூலரின் எடையிலேயே தள்ளினேன். பத்து இழுப்புக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பினேன். மை அழியும் இடம் மேடு. எனக்கு நடுவில் மட்டும் அழிந்தது. எல்லா இடமும் ஒன்றுபோல் அழிந்த பிறகுதான் இன்னும் நைசான 600, 800. 1000 நம்பரோடு நிறுத்திவிட்டேன். முகம் மங்கலாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே வேலைக்கு 93 டிகிரி போனது இப்போது 85. புதுப் பேஸ்ட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

வெப்பக் குழாய்கள் (உள்ளே திரவம் வைத்து மூடிய, சூட்டைக் கடத்தும் குழாய்கள்) அடியில் நேராகத் தெரியும் கூலரைத் தொடாதீர்கள். குழாயின் சுவர் மெல்லியது, ஓட்டை விழுந்தால் கூலர் போச்சு. நிக்கல் பூச்சு இருந்தால் அதுவும் போகும், உத்தரவாதமும் போகும். செம்புத் தூள் மின்சாரம் கடத்தும் என்பதால் காற்றாடியைக் கழற்றிவிட்டுத் தள்ளிவைத்துத் தேய்த்து, கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

அடுத்த முறை அந்தக் குறிப்பைப் போடும்போது 'கண்ணாடி போல' என்பதை எடுத்துவிட்டு, 'கண்ணாடியின் மேல் வைத்து' என்று திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.