மாணவர் பதிவு மென்பொருளை மாற்றும் முன்: வன்னியின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பேரவைக்கும் மூதவைக்கும் (செனட்), கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களின் பீடாதிபதிகளுக்கும், அங்குள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தின் நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

மாணவர் பதிவு, பெறுபேறு, விடுதி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவரும் வேலை இன்றோ நாளையோ உங்கள் மேசைக்கு வரும். அப்போது மென்பொருளை வாங்குவதற்கான கேள்விக்கோரல் (டெண்டர்) ஆவணத்தில் ஒரு பிரிவைச் சேர்க்குமாறு கேட்கவே இம்மடல். பழைய தரவைச் சுத்தம் செய்வதும் புதிய மென்பொருளைச் சோதிப்பதும் உங்கள் இறுதியாண்டு மாணவரின் கைத்தொழிற் பயிற்சியாக நடக்க வேண்டும். மென்பொருளை விற்கும் வழங்குநர் அதற்கு ஒத்துழைக்க உடன்பட வேண்டும்.

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் நிரல் பிழையால் விழுவதில்லை. விலைப்பட்டியலில் ‘தரவு மாற்றம்’ என்று ஒற்றை வரியில் எழுதப்படும் வேலையில்தான் விழுகின்றன. அதைச் செய்ய வழங்குநரிடம் ஆள் இருக்காது, அலுவலகத்திடம் நேரம் இருக்காது. மறுபக்கம், கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே உண்மையான தரவில் கைவைத்த அனுபவம் உண்டா என்பதுதான். இருபது வரிக் கற்பனைத் தரவில் செய்த இறுதியாண்டுச் செயற்றிட்டம் அதற்குப் பதிலாகாது. 2020இல் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாக் கொடுப்பனவில் அரசு பயிலுநராக எடுத்தது. அப்படியொரு நியமனத்தை நம்பி ஒவ்வொரு மாணவர் தொகுதியும் காத்திருக்க முடியாது.

தரவில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

பழைய பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினி தமிழ் எழுத்தை ஆங்கில விசைக் குறிகளாகவே கோப்பில் சேமிக்கும்: அதில் ‘இ’ என்பது காற்புள்ளி. மெய்யெழுத்தின் மேற்புள்ளி அரைப்புள்ளி. மேற்கோள் குறி இடாமல் காற்புள்ளியால் பிரித்து ஏற்றுமதி செய்த கோப்பில், இளங்கோவும் இந்திராவும் இருக்கும் வரிகள் மட்டும் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்துவிடும். பிறந்த திகதியில் முகவரி விழும். ஆயிரம் வரியில் நாற்பது வரி இப்படி நகர்ந்தால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகும் தொல்லை தீராது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியையும் (ெ) கால் குறியையும் (ா) அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடலில் ஒன்றல்ல. ‘கொற்றவன்’ என்று தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வரும், அலுவலக எழுதுநர் இன்னொரு பதிவைத் திறப்பார், ஒரு மாணவன் இரண்டு பேராகிவிடுவான். எல்லாப் பெயர்களையும் ஏற்றும் முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது ஒரு சிறிய நிரலின் வேலை. செய்ய மறந்தால் பட்டமளிப்பு வரை துரத்தும்.

அடையாள அட்டை இலக்கமும் அப்படியே. பன்னிரண்டு இலக்க எண்ணை எக்செல் சாதாரணக் கட்டத்தில் திறந்தால் அடுக்குக்குறி எண்ணாகச் சுருக்கிக் காட்டும்; அப்படியே காற்புள்ளிக் கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், திரும்ப வராது. கட்டத்தை முதலே ‘எழுத்து’ வகையாக்க வேண்டும். இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைச் சரிபார்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் உள்ள நாள் எண் (ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது) எல்லா ஆண்டிலும் பெப்ரவரியை 29 நாளாகவே கணக்கிடுகிறது. பெண்களுக்கு 500 கூட்டப்படுகிறது. வழக்கமான திகதி நிரலை அப்படியே பயன்படுத்தினால் நெட்டாண்டு (லீப் ஆண்டு) அல்லாத ஆண்டில் மார்ச் முதல் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிசகும்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் உள்ள மென்பொருளை வாங்க வேண்டாம். நம் வழக்கில் முன்னால் நிற்பது தகப்பன் பெயர். பிறப்புச் சான்றிதழின்படி முழுப்பெயர், முதலெழுத்துகளோடு கூடிய பெயர் என்ற இரண்டு கட்டங்கள் போதும்.

பெறுபேற்றுக் கணக்கில் இன்னும் கவனம் தேவை. 120 கிரடிட்டில் மொத்தம் 443.8 தரப்புள்ளி எடுத்தவருக்குச் சராசரி 3.6983. இரண்டு தசமத்துக்குக் கிட்டிய எண்ணாக மட்டந்தட்டினால் 3.70, எஞ்சிய இலக்கங்களை வெட்டினால் 3.69. முதலாம் வகுப்பின் எல்லை 3.70 என்றால் ஒரு பிள்ளையின் வகுப்பு நிரலாளர் எழுதிய ஒரு வரியில் தொங்குகிறது. எது சரி என்பதை மூதவை எழுத்தில் தீர்மானித்து வழங்குநரிடம் கொடுக்க வேண்டும். பரீட்சைக்கு மீளத் தோற்றியவர் பெறக்கூடிய தர உச்சம், மருத்துவச் சான்றிதழோடு வராதவருக்கு அந்த உச்சம் பொருந்துமா என்பது, பழைய துணைவிதியின் கீழ் அனுமதி பெற்றவரின் நிலை ஆகியவற்றுக்கும் இதே எழுத்து வேண்டும். சோதனை இதுதான்: மூதவை ஏற்கெனவே அங்கீகரித்த ஒரு தொகுதியின் பெறுபேறு முழுவதையும் புதிய மென்பொருளில் மீளக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் எழுதப்படும்வரை கையொப்பம் இட வேண்டாம்.

வழங்குநர்கள் வேகமான அலுவலக இணைப்பில் மட்டும் சோதித்து முடிக்கிறார்கள். துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் மாணவன் பாடத்தைப் பதிவது கைபேசியில், மெதுவான சமிக்ஞையில். ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்திப் பதில் வராவிட்டால் மீண்டும் அழுத்துவான். இரண்டு பதிவு, இரண்டு கட்டணம் விழக்கூடாது. உலாவியிலேயே இணைய வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி உண்டு. அதிலும் சோதிக்கட்டும், ஊரிலிருந்தும் சோதிக்கட்டும்.

புதிய மென்பொருளுக்கு மாறும் திகதியைப் பதிவு வாரத்திலும் பரீட்சை வாரத்திலும் வைக்க வேண்டாம். எத்தனை மணிக்குள் சரிவராவிட்டால் பழையதற்குத் திரும்புவது, அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முதலே எழுதி வையுங்கள். ஒரு பருவம் முழுக்க இரண்டும் பக்கம்பக்கமாக ஓடட்டும். காப்புப்பிரதி எடுத்தோம் என்பது போதாது, வேறொரு கணினியில் அதை மீட்டுத் திறந்து காட்ட வேண்டும். கடைசித் தவணைப் பணம் முதற்பரீட்சைப் பருவம் ஒழுங்காக முடிந்த பிறகே போகட்டும். மென்பொருள் சந்தாவை டொலரில் ஒப்புக்கொள்ள வேண்டாம்: 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றியிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒப்பந்தம் முடிந்தால் முழுத் தரவும் பொதுவான கோப்பு வடிவில் கையில் வர வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

இனி மாணவர். பன்னிரண்டு பேர், நால்வர் கொண்ட மூன்று குழு, ஆறு மாதம் என்பது எங்கள் கணிப்பு. ஒரு குழு தரவு, ஒன்று சோதனை, மற்றது தமிழில் பயன்பாட்டுக் கையேடும் எழுதுநருக்கான பயிற்சியும். முகாமைத்துவம் படிப்பவர்கள் மூன்றாவது குழுவுக்கு நன்கு பொருந்துவார்கள். பாதுகாப்பில் தளர்வு கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கட்டும். பெயரும் இலக்கமும் மறைத்த பிரதியில்தான் மாணவர் வேலை செய்ய வேண்டும். பெயர்த் திருத்தம் போல மறைக்க முடியாத வேலை பதிவாளர் கிளையின் கணினியில், அலுவலர் ஒருவர் பக்கத்தில் இருக்க நடக்கட்டும். தன் தொகுதியின் புள்ளிகளை எவரும் தொடக்கூடாது. இது சம்பளமில்லா ஊழியமாகிவிடவும் கூடாது. கொடுப்பனவைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

அவர்கள் கற்பது என்ன என்பதற்கு ஒரு சான்று. ‘பதிவு வேலை செய்யவில்லை’ என்று எழுதுவது முறைப்பாடு. ‘இரண்டாம் வருட மாணவராக நுழைந்து, நான்கு பாடம் தெரிவுசெய்து, சமர்ப்பித்தபின் பின்செல் பொத்தானை அழுத்தினால் நான்காவது பாடம் இரண்டு முறை பதிவாகிறது, மூன்று முறை முயன்றதில் மூன்று முறையும் நடந்தது, எதிர்பார்த்தது ஒரு பதிவு’ என்று எழுதுவது சோதனையாளரின் அறிக்கை. இப்படி ஐம்பது அறிக்கை எழுதி, அதில் எத்தனை திருத்தப்பட்டன என்று காட்டக்கூடிய பிள்ளையை நேர்முகத்தில் இலேசாகத் தட்டிக்கழிக்க மாட்டார்கள். ஆகவே முடிவில் ‘வெற்றிகரமாக நிறைவு செய்தார்’ என்ற வழமையான கடிதம் வேண்டாம். எத்தனை பதிவுகளைச் சரிபார்த்தார், என்ன நிரல் எழுதினார், எந்தப் பிழையைக் கண்டார் என்று பதிவாளர் ஒப்பமிட்ட ஒரு பக்கம் கொடுங்கள்.

அடுத்த கேள்விக்கோரலின் வரைவு கொள்வனவுக் குழுவுக்குப் போகும் முன் எங்களுக்கு ஒரு நாள் தாருங்கள். வவுனியாப் பல்கலைக்கழகம் உள்ள பம்பைமடுவோ அறிவியல் நகரோ, சொன்ன இடத்துக்கு வந்து, மேற்சொன்னவற்றை ஒப்பந்த வாசகங்களாக எழுதித் தருகிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வன்னியில் மென்பொருள் எழுதியும் நிறுவியும் வரும் சிலர்