வயதான நாய்க்கு வீடு நீங்கள் தர வேண்டாம், மருந்துக்குக் கை கொடுங்கள்

மடிப்பாக்கத்து அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தெருநாய்களுக்குச் சோறு வைப்பது, பிடித்துக் கருத்தடைக்கு அனுப்புவது, வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போடுவது என்று இந்தப் பகுதியில் வேலை செய்துவரும் குழு நாங்கள். இதுவரை எங்கள் கைப்பணத்திலேயே சமாளித்தோம். இப்போது எடுத்திருக்கும் காரியத்துக்கு அது போதாது. அதனால்தான் உங்கள் முன் வந்து நிற்கிறோம்.

டாமியைப் பற்றிச் சொன்னால் காரியம் புரியும். அவன் ஒரு லாப்ரடார். குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது அவனைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பதினோரு வயதாவது இருக்கும் என்றார் டாக்டர். கழுத்துப் பட்டை இறுகி, அதன் அடியில் முடி கொட்டித் தோல் புண்ணாகியிருந்தது. பூட்டிக் கிடந்த அந்த கேட்டை விட்டுப் பத்து நாள் அவன் நகரவே இல்லை. சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான். பின்னங்கால்கள் நடுங்கும். வண்டி தாண்டிப் போனதும் ஒவ்வொரு காலாக மடக்கி மறுபடி படுத்துக்கொள்வான்.

வீடு தேடி வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டோம். குட்டி நாய் என்றால் அரை நாளில் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். டாமியை மூன்று வாரமாக ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அடுத்த தெருவில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவர் வந்தார். "எனக்கே எழுபது ஆச்சு. குட்டியை எடுத்து வளர்த்தா, எனக்கப்புறம் அதை யார் பார்ப்பா? இவன்தான் எனக்குச் சரி" என்றார். ஆனால் ஒரு தயக்கம் இருந்தது. "பென்ஷன்ல என் மாத்திரையே பாதியைத் தின்னுடுது. இவனுக்கும் எப்படிப்பா வாங்குவேன்?" மருந்துச் செலவு எங்கள் பொறுப்பு என்றோம். அன்று சாயங்காலமே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாள் அந்த வீட்டு டைல்ஸில் அவனுக்குக் கால் நிற்கவில்லை. நான்கு காலும் நான்கு பக்கம் வழுக்கியது. ரேஷன் அரிசி வந்த கோணிச் சாக்குகளைப் பிரித்து, கூடத்திலிருந்து சமையலறை வரை ஒரு பாதை மாதிரி விரித்தார் அந்த அம்மா. கழுத்தைக் குனிய வலிக்கிறது என்று தெரிந்ததும் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் சோற்றுத் தட்டை வைத்தார். பதினான்கு மாதம் டாமி அந்தச் சாக்குப் பாதையில் நடந்தான். போன மார்கழியில் ஒரு விடியற்காலை, அவர் மடியில் தலை வைத்தபடி அவன் மூச்சு நின்றது.

இதைத்தான் இனி ஒரு திட்டமாகச் செய்யப் போகிறோம். வயதான நாயை எடுத்துக்கொள்ள மனமுள்ளவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். மருத்துவச் செலவை நினைத்துத்தான் பின்வாங்குகிறார்கள். அவர்கள் இடமும் சோறும் அன்பும் தரட்டும். டாக்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை, ஆட்டோ எல்லாம் நம் பொது நிதியிலிருந்து, அந்த நாயின் கடைசி நாள் வரைக்கும்.

காப்பகத்தில் விட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பைத் தொடங்கிய சென்னை இது. இங்கே காப்பகங்கள் செய்யும் சேவைக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் எந்தக் காப்பகமானாலும் கூட்டம் கூட்டம்தான். காதும் கண்ணும் மங்கிய கிழட்டு நாய், சோற்றுத் தட்டருகே இளசுகளோடு முட்டி மோத முடியாது. அதற்குத் தேவை ஒரு மூலை, ஒரு சாக்கு, பழகிய ஒரு குரல்.

நாய்க்கு ஏழெட்டு வயதானாலே முதுமை தொடங்கிவிடுகிறது. பெரிய இனங்களுக்கு இன்னும் சீக்கிரம். மூட்டுத் தேய்மானம் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் எழுந்திருக்கவே சிரமப்படும். கண்ணில் நீலம் பாய்ந்ததைப் பார்த்துக் குருடாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வயதில் வரும் அந்த நீலத்தோடு நாய்க்கு ஓரளவு பார்வை இருக்கும். கண்புரை வேறு, அதை டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். பல்லில் காரை படிந்து ஈறு அழுகினால் பசியிருந்தும் தின்னாது.

சிறுநீரகக் கோளாறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டை விட்டு நாய்கள் துரத்தப்படுவதற்கு நாங்கள் அடிக்கடி பார்க்கும் காரணம் இதுதான். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். இத்தனை வருஷம் ஒழுங்காக வெளியே போய்வந்த நாய் திடீரென்று கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். வீட்டுக்காரர்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அடிக்கிறார்கள். அது திமிர் இல்லை, நோய். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். முழுதாகக் குணமாகாது என்றாலும், உணவை மாற்றி மருந்து கொடுத்தால் பல நாய்கள் நிம்மதியாக நாளைக் கழிக்கும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது இன்னொரு ஆபத்து. அதற்குப் பெரும்பாலும் உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் போய்ப் பணம் திரட்டிக்கொண்டிருக்க முடியாது.

நன்கொடை தந்தாலும் தராவிட்டாலும் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வலிக்கிறதே என்று நாம் போடும் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் அதற்கு விஷமாகலாம். அப்புறம் வெங்காயம், திராட்சை, சாக்லேட் எதையும் கொடுக்க வேண்டாம்.

இப்போது பணக் கணக்கு. முதல் வருஷம் பன்னிரண்டு நாய்களை வீடுகளில் சேர்க்கத் திட்டம். இதுவரை எங்களுக்கு ஆன செலவை வைத்துப் பார்த்தால், ஒரு நாய்க்கு மருந்து, பரிசோதனை, போக்குவரத்து சேர்த்து மாதம் சராசரியாக 2,000 ரூபாய் ஆகும். அந்த வகையில் வருஷத்துக்கு 2,88,000. அவசர அறுவை சிகிச்சைக்காகத் தனியே 60,000. வழுக்காத ரப்பர் விரிப்பு, படியேற உதவும் சாய்வுப் பலகை, படுக்கை இவற்றுக்கு 12,000. ஆக மொத்தம் 3,60,000 ரூபாய். நூறு குடும்பங்கள் மாதம் 300 ரூபாய் தந்தால் இது முடிந்துவிடும். முடிந்தவரை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே கொண்டுபோகிறோம். 1903-இல் தொடங்கிய கல்லூரி, அங்கே பெரிய சிகிச்சைக்கும் வசதி உண்டு. ஆனால் இங்கிருந்து நாயோடு ஏற ஆட்டோ கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தால் போகவர வாடகை கூடுதலாகத்தான் கேட்கிறார்கள்.

டாக்டரே இனி வலிதான் மிச்சம் என்று சொல்லும் கட்டமும் வரும். அப்போது வளர்ப்பவர்களோடு பேசி, அவர்கள் பக்கத்திலேயே இருக்க, ஊசி போட்டு அமைதியாக வழியனுப்பும் செலவையும் நிதி ஏற்கும். இதைக் கேட்க மனது கஷ்டமாக இருக்கும், எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் பணம் கொடுக்கும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

வளர்த்த நாயைச் சோறு தண்ணீருக்குத் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இது பலருக்குத் தெரியாது. உண்மையிலேயே வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் தெருவில் விடுவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம், வேறு வீடு பார்ப்போம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது, படியேற முடியாத ஒரு கிழ நாயைப் போர்வையில் போட்டு நான்கு பேர் முதல் மாடிக்குத் தூக்கினோம். தூக்கியவர்களில் இரண்டு பேருக்கு அதற்கு முன் நாய் என்றாலே பயம். இந்த மழைக்காலத்துக்குள் ஆறு நாய்களையாவது வீட்டுக்குள் சேர்த்துவிட வேண்டும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு முன்னால் முடிந்தால் இன்னும் நல்லது, இதயக் கோளாறு உள்ளவை அந்தச் சத்தத்தில் படும் பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் உறுப்பினர்கள் வீடு வீடாக வருவார்கள். எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். மாதக் கடைசியில் வரவு செலவை மருந்துக் கடை பில்களோடு குடியிருப்பு அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவோம். பணம் தர இயலாதவர்கள் பழைய கோணிச் சாக்கு, பெட்ஷீட், துண்டு தரலாம். கார் இருப்பவர்கள் மாதத்தில் ஒரு தடவை வேப்பேரிக்குக் கொண்டுபோய்க் கூட்டி வரலாம்.

இப்போது வீட்டுக்காகக் காத்திருப்பவை மூன்று. காது கேளாத கறுப்பி, மூன்று காலால் நடக்கும் ஜிம்மி, பொமரேனியன் பிங்கி. டாமியை வளர்த்த டீச்சர் அம்மா போன வாரம் வந்து கறுப்பியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சாக்குகளை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.