மகளுக்கு: கிட்டாரின் குறை எந்தக் கையில்?

அன்புள்ள மகளுக்கு,

உன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டாரில் மேல் ஸ்தாயியில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும்போது நாதம் பாதியிலேயே அடங்கிவிடுகிறது என்றும், ஆகவே இப்போதுள்ள பிக்அப்புகளைக் கழற்றிவிட்டு ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்அப்பைப் பொருத்தப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். பாலிடெக்னிக்கில் மின்னியல் கற்பித்தவள், வீணையை இன்னும் கைவிடாதவள் என்ற இரண்டு உரிமைகளையும் சேர்த்துக்கொண்டு சொல்கிறேன். பிக்அப்பை மாற்றுவதற்கு முன், இந்தக் குறை உன் வலக்கையைச் சேர்ந்ததா, இடக்கையைச் சேர்ந்ததா என்பதை முதலில் முடிவு செய்துகொள். மீட்டும் கைக்கு வாத்தியம் எப்படிப் பதில் சொல்கிறது என்பதைப் பெரும்பாலும் பிக்அப் தீர்மானிக்கிறது. அழுத்தி இழுக்கும் கைக்கு அது எப்படி இணங்குகிறது என்பதை, வீணையின் மெட்டுப்போல் கழுத்தில் பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட் தீர்மானிக்கிறது.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்அப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும் அன்றி வேறில்லை. ஃபெண்டர் நிறுவனம் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது, ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு சிறு காந்த உருளையை நிறுத்தி, அவற்றைச் சுற்றி முடியிலும் மெல்லிய செம்புக்கம்பியை ஏறக்குறைய 8,000 சுற்றுகள் சுற்றியிருந்தார்கள். சிங்கிள் காயில் எனப்படும் ஒற்றைச் சுருளாகையால் மின்சாரத்தின் இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். அந்த இரைச்சலை ஒழிப்பதற்காகவே கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். 1957இல் அது லெஸ் பால் கிட்டாரில் இடம்பெற்றது. இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது. கூடவே உச்ச அதிர்வெண்கள் சற்று மங்கி, ஒலி தடிக்கிறது. அந்த வலுவான ஒலி ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்குத் தள்ளும்போது, மெல்லத் தொட்டதற்கும் ஓங்கி மீட்டியதற்கும் இடையே உள்ள தூரம் சுருங்கி, நாதம் நீண்டு நிற்பதுபோல் கேட்கிறது. உன் சிங்கிள் காயில் அப்படிச் சலுகை காட்டாது. மீட்டின் ஒவ்வொரு நுணுக்கத்தையும், ஒவ்வொரு சோம்பலையும் அப்படியே வெளியில் சொல்லிவிடும். எனக்கு அந்த நேர்மைதான் பிடிக்கும், ஆனால் அது என் ரசனை.

நீ வைத்திருப்பது 1960களின் மாதிரியில் செய்த கிட்டார் என்பதால், அதன் ஃப்ரெட்டுகள் ஏறக்குறைய 2 மி.மீ. அகலமும் 1.1 மி.மீ. உயரமும் கொண்ட மெல்லிய கம்பிகளாகவே இருக்கும். ஃப்ரெட்டுகள் பதிந்த மரப்பரப்பான ஃபிங்கர்போர்டின் வளைவும் 184 மி.மீ. ஆரமுள்ள பழைய வளைவாகவே இருக்கும். உன் தொல்லை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்று நான் சந்தேகிக்கிறேன். வீணையில் விரல் மரத்தைத் தொடுவதே இல்லை. மெழுகில் பதித்த 24 மெட்டுகளும் உயர்ந்து நிற்பதால், தந்தியை மெட்டின் மேலேயே வழுக்கி இழுத்துவிடுகிறோம். தாழ்ந்த ஃப்ரெட்டில் விரல் நுனியின் சதை மரத்தில் உராய்ந்துகொண்டே நகர வேண்டியிருக்கிறது. தந்தியின் அடியில் விரலுக்குப் பிடிப்பும் கிடைப்பதில்லை. போதாததற்கு, வளைந்த பரப்பின் மேல் தந்தியைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனால், அது பரப்பின் மேட்டை நெருங்கி முன்னேயுள்ள ஏதோ ஒரு ஃப்ரெட்டில் முட்டி அங்கேயே ஊமையாகிவிடும். எந்த ஹம்பக்கரும் இதைத் தீர்க்காது. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின், இந்திய இசையை ஒட்டிய சக்தி குழுவில் வாசித்த கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தையே குடைந்திருந்தார்கள். ராக் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரும் அதே வழியில் போனவர்தான். நீ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமல், முதல் தந்தியை 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே அழுத்தி, இரண்டு ஸ்வரஸ்தானம் உயரும்வரை இழுத்துப் பார். அங்கும் நாதம் சட்டென்று அறுந்தால் குற்றம் ஃப்ரெட்டினுடையது. தடித்த தந்தியில் மேலே போகப்போக ஒலி தள்ளாடி, இரண்டு சுருதி கலந்ததுபோல் கேட்டால், காந்தம் தந்தியை இழுக்கிறது என்று பொருள். அதற்கும் பிக்அப்பை மாற்ற வேண்டாம். ஸ்க்ரூடிரைவரால் இறக்கினால் போதும். பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு, கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து அளந்தால், தடித்த தந்தியின் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்தியின் பக்கம் 2 மி.மீ. இடைவெளி என்பது ஃபெண்டரே தரும் தொடக்க அளவு. அதிலிருந்து இன்னும் சற்று இறக்கிக் காதால் முடிவு செய். ஒலி கொஞ்சம் குறையும், ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக்கொள்ளலாம்.

ஃப்ரெட்தான் காரணம் என்று தெரிந்தால், 2.3 மி.மீ. அகலமும் 1.4 மி.மீ. உயரமும் கொண்ட கம்பியைக் கேள். கடைக்காரர்கள் அதை 6105 என்பார்கள். 2.8 மி.மீ. அகலமுள்ள ஜம்போவை உன் நண்பர்கள் சிபாரிசு செய்வார்கள், ஆனால் உயரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, உனக்கு வேண்டியதோ உயரம். உயர்ந்த ஃப்ரெட்டால் தந்தி தளர்ந்துவிடும் என்று சிலர் சொல்வதை நம்பாதே. இழுவிசை அப்படியே இருக்கும், உராய்வுதான் குறைகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு: வேண்டியதற்கு மேல் அழுத்தினால் சுருதி ஏறிவிடும், விரலை வழுக்கிக்கொண்டு போகும் ஜாருவை வாசிக்கும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டும் விரலில் தட்டுப்படும். வீணையில் பழகிய உன் விரல் முதலாவதைச் சீக்கிரம் சமாளித்துவிடும், ஜாருவுக்குத்தான் நாளாகும்.

வேலையை ஒப்படைக்கும்போது, பழைய ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிய பின் மேல் பகுதியில் ஃபிங்கர்போர்டின் வளைவைச் சற்றுத் தட்டையாக்கித் தர முடியுமா என்று கேள். இது இல்லாமல் ஃப்ரெட்டை மட்டும் மாற்றினால் பாதிப் பயன்தான். பிக்அப்பை மாற்றிப் பிடிக்காவிட்டால் பழையதையே திரும்பப் பொருத்திவிடலாம், தேய்த்தெடுத்த மரம் திரும்ப வராது. ஆகவே இதில் கைதேர்ந்தவரிடம் மட்டுமே கொடு. ஃப்ரெட் உயர்ந்ததும், கழுத்தின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையான நட்டின் பள்ளங்கள் தாழ்ந்துபோய், திறந்த தந்தி முதல் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கக்கூடும் என்பதால், கூலி பேசும்போதே புதிய நட்டையும் சேர்த்துப் பேசிக்கொள். ஹம்பக்கருக்கு வைத்திருக்கும் பணம் இந்த வேலைக்குப் போதாவிட்டால் எழுது, மீதியை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா