ஆக்கிரமிப்பு என்று நானும் எழுதியிருக்கிறேன்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய தபால்தலைப் படத்தை நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். பாரசீகத் தபால்தலை, அதாவது இன்றைய ஈரான். நடுவில் அந்த நாட்டு அரசன் அகமது ஷா, மீசை அரும்பாத பையன். அவன் முகத்துக்கு மேலேயே கறுப்பு மையில் மூன்று வரி அச்சடித்திருக்கிறார்கள்: புஷேர், பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பில். தாலுகா அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் சீல் குத்தியவளுக்கு இது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அடுத்தவன் கையெழுத்து மேல் நம் சீல் விழுந்தால், அப்புறம் அந்தக் காகிதம் நம்முடையது.

அப்பாவோ "1915 தலையா? விலை போகுமே" என்றார். அவர் கவலை அவருக்கு.

தென் பாரசீகத்தில் பிரிட்டிஷார் நடந்துகொண்டது பற்றிய உன் ஆராய்ச்சியைப் போனில் சொன்னாயே, அதிலிருந்து நானும் ராத்திரியில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறேன். நீ சொன்ன ஒரு வார்த்தை மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அம்மா, இந்த பிரிட்டிஷ்காரங்க ஃபைல் எல்லாம் அவ்வளவு தெளிவா இருக்கு, படிச்சாலே நடந்தது தெரிஞ்சிடுது" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் "அம்மா, பஸ் வந்துருச்சு" என்பாய்.

பாரசீக வளைகுடாக் கரைத் துறைமுகமான புஷேரில் இருந்த ரெசிடென்சி, அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியின் அலுவலகம், லண்டனுக்கு நேராகக் கட்டுப்பட்டதல்ல, இந்திய அரசாங்கத்தின் கீழ் இயங்கியது. அந்த ஃபைல்களின் நடை எனக்குப் புதிதாக இல்லாததற்குக் காரணம் அதுதான். எங்கள் அலுவலகக் குறிப்புகளுக்கும் அவற்றுக்கும் ஒரே பாட்டன். "பொருள்", "பார்வை", கீழே குறிப்பு, ஓரத்தில் மேலதிகாரியின் கிறுக்கல். அந்த நடையில் எதை எழுதினாலும் தெளிவாகத்தான் இருக்கும். நான் எழுதியதும் தெளிவாகத்தான் இருந்தது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கண்மாய்ப் புறம்போக்கில் கிடை போட்டிருந்த ஆடு மேய்க்கிற ஒரு கீதாரி குடும்பத்துக்கு பி மெமோ, அதுதான் ஆக்கிரமிப்பு நோட்டீஸ், தயார் பண்ணச் சொன்னார்கள். "ஆக்கிரமிப்பாளர்" என்ற பத்தியில் அந்தப் பெரியவர் பெயரை எழுதினேன். அவர் வந்து நின்று, "தாயி, எங்க பாட்டன் காலத்துலேர்ந்து தை மாசம் வர்றோம், சித்திரையில போயிடுறோம். போறவனை எப்படித் தாயி ஆக்கிரமிப்புன்னு எழுதுவீங்க?" என்றார். எனக்குப் பதில் இல்லை. படிவத்தில் அதற்கு வேறு பத்தியும் இல்லை. அப்படியே எழுதி அனுப்பினேன்.

காஷ்காய் மக்களைப் பற்றிப் படிக்கும்போது அந்தப் பெரியவர்தான் கண்முன் வந்தார். குளிருக்கு வளைகுடாப் பக்கத்து வெப்ப நிலம், கோடைக்கு வடக்கே செமிரோம் பக்கத்து மலை, நடுவில் ஷிராஸ். வருஷத்துக்கு இரண்டு தடவை ஆடு, கூடாரம், பிள்ளைகுட்டியோடு அந்த வழியில் நடக்கிற ஜனம். ரெசிடென்சிக்காரர்களின் கண்ணுக்கு அது புஷேர் - ஷிராஸ் சாலை, சரக்குப் போகிற பாதை. அந்தப் பக்கத்துக் கூட்டங்கள் சரக்கு ஏற்றிப் போனவர்களிடம் ராதாரி என்று வாங்கிய வழிப்பணம் ஃபைலில் கொள்ளை ஆகிவிட்டது. வழிமறித்துப் பறித்தவர்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எது வரி, எது கொள்ளை என்று எழுதுகிற பேனா யார் கையில் இருந்தது என்று நீ பார்க்க வேண்டும்.

பணம் எழுதிய பத்தியைத் தனியாக எடுத்து வைத்துப் படி, அதுதான் நான் சொல்ல வந்தது. 1905இல் எண்ணெய் தேடிய பிரிட்டிஷ்காரர்கள் பக்தியாரி என்ற மலைக்கூட்டத்துக் கான்களோடு, அதாவது தலைவர்களோடு, ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: எண்ணெய்க் கம்பெனியில் மூன்று சதவீதப் பங்கு, காவலுக்கு வருஷத்துக்கு 2000 பவுண்டு. தெஹ்ரானில் இருந்த பாரசீக அரசாங்கம் அதை ஏற்கவில்லை. எண்ணெய் எடுக்கும் உரிமையை 1901இல் தெஹ்ரானிடம் வாங்கிவிட்டு, காவலுக்கு மட்டும் தெஹ்ரானை விட்டுவிட்டு ஊர்த்தலைவரோடு கையெழுத்து! 1908 மே மாதம் மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1914இல் பிரிட்டிஷ் அரசாங்கமே கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிக்கொண்டது, கப்பற்படைக்கு எண்ணெய் வேண்டுமே. கான்களுக்குக் கொடுத்த காசுக்குப் பெயர் "காவல் கூலி". அதே சமயம் ஜெர்மானியன் ஒரு கானுக்குக் காசு கொடுத்தால் அதற்குப் பெயர் லஞ்சம், சூழ்ச்சி. காசு ஒன்றுதான், பெயர்தான் வேறு.

அந்த ஜெர்மானியன் கதையை நீ எவ்வளவு தூரம் பார்த்தாய் என்று தெரியவில்லை. வில்ஹெல்ம் வாஸ்முஸ், முதல் உலக யுத்தத்துக்கு முன் புஷேரில் ஜெர்மன் கான்சல். அந்த ஊர்ப் பேச்சு பேசுவான், அந்த ஊர் உடுப்பு போடுவான். 1915 ஆரம்பத்தில் பிரிட்டிஷாருக்கு வேண்டிய ஒரு கானின் ஆட்கள் அவனைப் பிடித்தார்கள். தப்பிவிட்டான், மூட்டை முடிச்சு மட்டும் மாட்டிக்கொண்டது. அப்புறம் தங்கிஸ்தான் கடலோரத்துக் கூட்டங்களிடம் போய்ச் சேர்ந்தான். இவன் தூண்டிவிட்டதால்தான் தங்கிஸ்தான்காரர்கள் எழுந்தார்கள் என்கிற தொனி அந்தக் காகிதங்களில் நிறைய வரும். அதை மட்டும் நம்பாதே. தன் கரையில் அந்நியப் படை இறங்கினால் ஒருவனுக்குக் கோபம் வர, ஜெர்மனியிலிருந்து ஆள் வந்து சொல்ல வேண்டுமா?

1915 ஜூலை 12ஆம் தேதி புஷேருக்கு வெளியே தங்கிஸ்தான்காரர்கள் நடத்திய தாக்குதலில் இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் செத்தார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி பிரிட்டிஷார் ஊரையே எடுத்துக்கொண்டார்கள். நீ அனுப்பிய தலை அப்போது அச்சடித்ததுதான். இத்தனைக்கும் பாரசீகம் 1914 நவம்பரிலேயே நடுநிலை என்று அறிவித்த நாடு! புஷேரை எடுத்த அடுத்த வாரமே பிரிட்டிஷ் கப்பல்கள் தெல்வார் என்ற கடலோர ஊருக்குப் போயின. ஊரைத் தரைமட்டமாக்கியதோடு விடவில்லை, பேரீச்ச மரங்களையும் வெட்டினார்கள். வீடு போனால் ஒரு மழைக்காலத்துக்குள் கட்டிவிடலாம். நம் பாட்டி வீட்டுப் பனங்காட்டை யாராவது வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். அந்த ஊரின் தலைவர் ரயீஸ் அலி தெல்வாரி செப்டம்பர் 3ஆம் தேதி ஒரு இரவுச் சண்டையில் சுடப்பட்டுச் செத்தார். பின்னாலிருந்து, தன் பக்கத்து ஆளே சுட்டான் என்கிறார்கள். வயசு முப்பத்து மூன்றோ என்னவோ. இன்றும் ஈரானில் அந்த நாளை அனுசரிக்கிறார்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1916 மார்ச்சில் பெர்ஸி சைக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் இறங்கியபோது கூட இருந்தவர்கள் கையளவுதான். அங்கேயே ஆள் சேர்த்து "தென் பாரசீகத் துப்பாக்கிப் படை"யை உண்டாக்கி, கெர்மான், யஸ்த், இஸ்பஹான் எல்லாம் சுற்றி அந்த வருஷ நவம்பரில் ஷிராஸுக்குள் நுழைந்துவிட்டார். தரை வழியாகவே போயிருக்கிறார்கள், வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், மலைப்பாக இருந்தது. ஆனால் அந்தப் படை யாருடையது? பாரசீக ஆள், பிரிட்டிஷ் அதிகாரி, பிரிட்டிஷ் சம்பளம். 1917இல் தெஹ்ரானின் ஒரு அமைச்சரவை அதை ஏற்றது, அடுத்து வந்தது அந்நியப் படை என்றது. சிப்பாயின் நிலைமையை யோசி. சொந்த அரசாங்கமே உன்னை அந்நியன் என்கிறது, மச்சினன் மலைக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு நிற்கிறான். 1918 மேயில் கான்-இ-ஸினியான் காவல் நிலையத்தில் அந்தப் படையே தன் அதிகாரிகளைக் கொன்றது. துரோகம் என்று ஃபைலில் இருக்கும், பார்த்துக்கொள்.

அந்தக் கோடையில் காஷ்காய்த் தலைவர் சவுலத் உத்தவுலா ஷிராஸைச் சூழ்ந்தார். இந்தியச் சிப்பாய்கள்தான் பெரும்பாலும் எதிரே நின்றார்கள். முற்றுகை உடைந்ததில் துப்பாக்கிக்குப் பாதிப் பங்குதான், மீதி குடும்பச் சண்டைக்கு. ஃபார்ஸ் மாகாண கவர்னராக இருந்த ஃபர்மான் ஃபர்மா, சவுலத்தை நீக்கிவிட்டு அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரரைத் தலைவராக நியமித்தார். அவ்வளவுதான், கூட்டம் பிளந்தது. பாகப்பிரிவினை வழக்கில் தம்பியைக் கூப்பிட்டுப் பட்டா மாற்றிக் கொடுப்பதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அந்த இலையுதிர் காலத்திலேயே இன்ஃப்ளூயன்ஸா விஷக்காய்ச்சல் வந்து யார் பக்கம் என்று பார்க்காமல் அள்ளிக்கொண்டு போனது. பஞ்சத்தில் வாடிய உடம்புகள் வேறு.

சரி, கொடுத்த வாக்கின் பாக்கியை யார் தீர்த்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வளைகுடா முனையில் உள்ள மொஹம்மராவின் அரபுத் தலைவர் ஷேக் கசல், அபாதான் சுத்திகரிப்பு ஆலைக்கு இடம் கொடுத்தவர். அவருக்கு 1910இலும் 1914இலும் பிரிட்டிஷார் எழுத்து மூலம் உறுதி கொடுத்திருக்கிறார்கள்: பாரசீக அரசாங்கம் உங்கள் உரிமைகளை ஆக்கிரமித்தால் தக்க ஆதரவு தருவோம் என்று. அந்த ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையை அங்கே பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தபால்தலையில் குத்தினால் பெருமை, அடுத்தவன் செய்தால் குற்றம். 1921இல் துப்பாக்கிப் படையைக் கலைத்தார்கள். தெஹ்ரானில், பிற்பாடு ஷா ஆன படைத்தலைவர் ரெஸா கான் கை ஓங்கியது. 1925இல் அவர் ஆட்கள் ஷேக்கைப் பிடித்துக்கொண்டு போனபோது, உறுதி கொடுத்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். 1936இல் தெஹ்ரானில் வீட்டுக்காவலிலேயே முடிந்தார்.

வாஸ்முஸ் என்ன செய்தான் தெரியுமா? யுத்தம் தோற்று ஊர் திரும்பியவன், கூட்டங்களுக்குத் தருவதாகச் சொன்ன பணத்தைக் கொடுங்கள் என்று பெர்லினில் கேட்டுப் பார்த்தான். கிடைக்கவில்லை. 1924இல் புஷேர் பக்கமே திரும்பி வந்து, நிலம் வாங்கி விவசாயம் செய்தான். வருகிற லாபத்தில் பழைய கடனை அடைக்கலாம் என்று கணக்கு. லாபம் வரவில்லை, வழக்குகள்தான் வந்தன. 1931இல் கையில் ஒன்றும் இல்லாமல் பெர்லின் போய், அந்த வருஷமே செத்துப்போனான். நல்லவனா என்று எனக்குத் தெரியாது, எத்தனை பேரைச் சாக அனுப்பினானோ. ஆனால் வாக்குக் கொடுத்ததற்காகத் திரும்பி வந்து மண் வெட்டியவன் என்று அந்தக் காகிதக் குவியலில் எனக்கு அகப்பட்டவன் அவன் ஒருத்தன்தான்.

கெர்மான் படைப்பிரிவின் சம்பளக் கணக்கு ஃபைல் ஏதாவது கிடைத்தால் எனக்கும் படம் அனுப்பு. கணக்கு நான் பார்க்கிறேன், உனக்குக் கூட்டல் எப்போதுமே தகராறு. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் காலி பண்ணிவிட்டார்கள். சளி பிடித்திருக்கிறது என்றாயே, ராத்திரி மஞ்சள் பால் குடிக்கிறாயா இல்லையா?

அந்தத் தபால்தலையின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. பசை இருக்கிறதா என்று அப்பா கேட்கிறார்.

அம்மா