ஸ்டேட்டிக் ஐபி தருகிறீர்கள், அந்த ஒரு பிடிஆர் வரியையும் போட்டுக் கொடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் பிராட்பேண்ட் இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தாருக்கும், அவர்களின் நெட்வொர்க் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

வீட்டிலும் சிறு கம்பெனிகளிலும் சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிறவர்கள் எழுதும் மடல் இது. மாதாமாதம் தனியாகப் பணம் கட்டித்தான் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி எண், வாங்குகிறோம். அதற்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (எண்ணிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கும் பதிவு) கேட்டால், "டொமைன் வாங்குன இடத்துல கேளுங்க" என்கிறது கஸ்டமர் கேர். அங்கே கேட்டுப் பயனில்லை. பெயரிலிருந்து ஐபிக்குப் போகும் ஏ ரெக்கார்டு மட்டுமே டொமைன்காரர் பக்கம் இருக்கிறது. ஐபியிலிருந்து பெயருக்குத் திரும்பும் பிடிஆர் ரெக்கார்டு, அந்த ஐபி பிளாக் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் கையில் இருக்கிறது. அதாவது உங்கள் கையில், அல்லது உங்களுக்கு பிளாக் கொடுத்த மேல்நிலை நிறுவனத்தின் கையில்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகிறது? 2024 பிப்ரவரியிலிருந்து, தனக்கு மெயில் அனுப்பும் ஐபிக்குச் சரியான பிடிஆர் இருக்க வேண்டும் என்பதை ஜிமெயில் எல்லோருக்கும் விதியாக வைத்திருக்கிறது. இல்லையென்றால் 550-5.7.25 என்ற எண்ணோடு மெயில் திரும்பும். எஸ்பிஎஃப், டிகிம் என்ற அனுப்புநர் சரிபார்ப்புகள் இரண்டும் சுத்தமாக இருந்தாலும் இதற்கு ஈடாகாது. திருப்பூரிலிருந்து பையருக்குப் போகும் கொட்டேஷன் திரும்பி வந்தால் தெரிந்துவிடும். சத்தமில்லாமல் ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்தால் ஆர்டர் போன பிறகுதான் தெரியும்.

வேலை சின்னது. ஐபி 203.0.113.25 என்றால், 113.0.203.இன்-அடர்.ஆர்பா என்ற ஜோனில் (டிஎன்எஸ் பதிவுத் தொகுப்பில்) 25 என்ற பெயருக்கு ஒரு பிடிஆர் வரி. வாடிக்கையாளர் சொல்லும் பெயரை, உதாரணமாக மெயில்.எக்ஸாம்பிள்.காம், அதில் எழுத வேண்டும். கடைசியில் ஒரு புள்ளி கட்டாயம். பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் அந்தப் புள்ளி விட்டுப்போனால் ஜோனின் பெயரும் பின்னால் ஒட்டிக்கொண்டு, மெயில்.எக்ஸாம்பிள்.காம்.113.0.203.இன்-அடர்.ஆர்பா என்று பதில் போகும். கேட்கிற சர்வருக்கு அது குப்பை. அடுத்து, ஜோனின் பதிப்பைக் காட்டும் எஸ்ஓஏ சீரியல் எண்ணை ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் இரண்டாவது நேம்சர்வர் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கும். பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல் 3600 நொடி போதும். 86400 வைத்தால் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியும் ஒரு நாள் காத்திருக்க நேரும்.

ஒரு ஐபிக்கு ஒரே பிடிஆர் வையுங்கள். முன்பிருந்த வாடிக்கையாளரின் வரியை எடுத்த பிறகு புதியதைப் போடுங்கள். ஐபி எண்ணையே பெயராக்கி, 'ஸ்டேட்டிக்', 'பூல்' என்று சேர்த்து மொத்தமாக உருவாக்கிய பெயர் இந்த வேலைக்கு உதவாது. பல மெயில் சர்வர்கள் அந்த அமைப்பைப் பார்த்ததுமே வீட்டு இணைப்பு என்று ஒதுக்கிவிடும்.

256 முகவரிகள் கொண்ட மொத்த /24 பிளாக்குக்கும் பதிலே வரவில்லை என்றால், இந்தியாவில் ஐபி முகவரிகளைப் பதிவு செய்யும் ஐஆர்ஐஎன்என் பதிவில் உங்கள் நேம்சர்வர்களுக்கு ரிவர்ஸ் டெலிகேஷன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். /29 (எட்டு முகவரிகள்) வாங்கியவர் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றால், 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2317 முறைப்படி ஒவ்வொரு ஐபிக்கும் ஒரு சிநேம் (வேறு பெயருக்குத் திருப்பும் பதிவு) போட்டு அவர் நேம்சர்வருக்குத் திருப்பிவிடலாம். அதன் பிறகு உங்களுக்குத் தொல்லை இல்லை.

புதிய வகை முகவரியான ஐபிவி6 கொடுக்கிறீர்களா? மிக நல்லது. ஆனால் அதற்கும் பிடிஆர் வேண்டும். ரவுட்டர் தானாக வி6 முகவரி கொடுக்க, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் அந்த வழியில் அனுப்ப, வி4 பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் ஜிமெயில் மறுப்பது அடிக்கடி நடக்கிறது. நீங்கள் அதைச் சரிசெய்யும் வரை, அனுப்பும் வழியை மட்டும் வி4-க்குக் கட்டிவைக்க போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் எஸ்எம்டிபி கிளையன்ட் வரியில் -ஓ ஐநெட்_புரோட்டோகால்ஸ்=ஐபிவி4 என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பேம் பெருகிவிடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. அதனால் எல்லோருக்கும் வேண்டாம். ஏ ரெக்கார்டை முதலில் போடச் சொல்லுங்கள்; அந்தப் பெயர் அதே ஐபிக்கு வருகிறதா என்று பார்த்த பிறகே பிடிஆர் எழுதுங்கள். மெயில் வெளியே போகும் வழியான போர்ட் 25-ஐ அந்த ஐபிக்கு மட்டும் திறங்கள். உங்கள் பிளாக் ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத முகவரிகள்) பட்டியலில் இருந்தால், ஸ்டேட்டிக் பகுதியை அதிலிருந்து விலக்குங்கள். 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான சிஜிநாட் (பலர் ஒரே பொது ஐபியைப் பகிரும்) முகவரியில் இருப்பவருக்கு இது எதுவும் ஆகாது என்பதை இணைப்பு விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எங்கள் பக்கம், மெயில் அனுப்பும்போது சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் ஹெலோ பெயரும் பிடிஆர் பெயரும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். ஒன்றுக்கு மேல் ஐபி இருந்தால், மெயில் சரியான ஐபி வழியாகத்தான் வெளியே போகிறதா என்பதையும் ரவுட்டரில் சோதிக்கிறோம். உங்களிடம் கேட்பது: ஸ்டேட்டிக் ஐபி விண்ணப்பப் படிவத்தில் 'பிடிஆர் பெயர்' என்று ஒரு கட்டம், பிறகு மாற்றிக்கொள்ள, நேரே நெட்வொர்க் பிரிவுக்குப் போகும் ஒரு மெயில் முகவரி.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரத்தில் சொந்த மெயில் சர்வர் நடத்தும் உங்கள் வாடிக்கையாளர்கள்